தனியார் சாட்டிலைட் நெட்வொர்க்கும் தகவல் பாதுகாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கி, மருத்துவமனை, நிதி நிறுவனம், துறைமுகம் என்று பல கிளைகளை விசாட் (சிறு டிஷ் வைத்த சாட்டிலைட் இணைப்பு) மூலம் இணைத்திருப்பவர்கள், அல்லது இணைக்கலாமா என்று யோசிப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. விற்பனைக் கூட்டத்தில் கிடைக்கும் பதில்களைவிடச் சில இடங்களில் கசப்பாக இருக்கும்.

தனியார் சாட்டிலைட் நெட்வொர்க் என்றால் நாமே சாட்டிலைட் விட வேண்டுமா?

வேண்டாம். ஏற்கனவே மேலே இருக்கும் சாட்டிலைட்டின் ஒரு டிரான்ஸ்பாண்டரில் (சிக்னலை வாங்கிக் கீழே திருப்பி அனுப்பும் கருவி) கொஞ்சம் அலைவரிசையை வாடகைக்கு எடுக்கிறோம். தரையில் எல்லாக் கிளைகளும் வந்து சேரும் ஒரு ஹப் நிலையம், கிளைக்கு ஒரு டிஷ், உள்ளே ஒரு மோடம். இந்தக் கூட்டத்துக்குள் இருப்பவர்கள் மட்டும் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம் என்பதால் இதற்கு ‘க்ளோஸ்டு யூசர் குரூப்’ என்று பெயர். 1994இல் தேசிய பங்குச் சந்தை வர்த்தகத்தைத் தொடங்கியபோது நாடெங்கும் தரகர்களின் கணினிகளை விசாட் வழியாகத்தான் இணைத்தது. 1999இல் வங்கிகளுக்காக ஹைதராபாத்தில் ரிசர்வ் வங்கியின் தொழில்நுட்ப நிறுவனமான ஐடிஆர்பிடி தொடங்கிய இன்ஃபினெட் நெட்வொர்க்கும் அதே வகைதான்.

ஹப் இரண்டு விதமாக அமையலாம். சேவை நிறுவனத்தின் ஹப்பைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வது ஒன்று. நமக்கே நமக்கென்று ஹப் வைத்துக்கொள்வது இன்னொன்று. இதை ‘கேப்டிவ்’ என்பார்கள். செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பாதுகாப்பிலும் வித்தியாசம் உண்டு. அதைக் கீழே சொல்கிறேன்.

ஃபைபர் எல்லா இடத்துக்கும் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு இது?

வந்த இடத்தில் வேண்டாம், அல்லது பேக்கப்பாக மட்டும் போதும். ஆனால் சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே கடலடிக் கேபிள் திறக்கப்பட்டதே 2020 ஆகஸ்டில்தான். அதுவரை அந்தமான் சாட்டிலைட்டை நம்பித்தான் இருந்தது. மலைக்கிளைகள், கடலில் இருக்கும் ரிக்குகள், கப்பல்கள், புயலுக்குக் கம்பங்கள் சாயும் கடலோர ஊர்கள் இன்றும் இருக்கின்றன. சாலையைத் தோண்டும் பொக்லைன் இருக்கிறவரை நகரத்துக்குள்ளும் பேக்கப்புக்கு வேலை இருக்கும்.

நம் டேட்டா இன்டர்நெட்டைத் தொடுவதே இல்லை. அப்புறம் யார் படிக்க முடியும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

35,786 கி.மீ. உயரத்தில் நிற்கும் புவிநிலை சாட்டிலைட்டின் ஒரு கற்றை, பல நேரங்களில் இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் மூடுகிறது. உங்கள் தலைமை அலுவலகம் திருநெல்வேலிக் கிளைக்கு அனுப்பும் பாக்கெட் (டேட்டாவின் ஒரு துண்டு), திருநெல்வேலியில் மட்டும் இறங்குவதில்லை. கோயில் கொடைக்குக் கட்டிய ஒலிபெருக்கி மாதிரி, ஊர் முழுக்கக் கேட்கிறது. கிளையில் இருக்கும் மோடம் தனக்கு வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. விட்டுவிடாத ஒரு ரிசீவரை யாரும் வைத்துக்கொள்ளலாம். டிஷ் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும்போது அது எந்தத் தடயத்தையும் விடாது. உங்கள் ஃபயர்வால் லாகில் ஒரு வரிகூட வராது.

இது கற்பனையாகச் சொல்லும் ஆபத்து இல்லை. 2009 டிசம்பரில் வெளிவந்த செய்தி: இராக்கில் அமெரிக்க டிரோன்கள் அனுப்பிய வீடியோவை, 26 டாலருக்கு விற்ற ஒரு மென்பொருளை வைத்துக் கிளர்ச்சியாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2020இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் ஜேம்ஸ் பேவர், வீட்டு டிவிக்கான கருவிகளை வைத்தே கப்பல்கள், விமானங்கள், நிறுவனங்களின் சாட்டிலைட் போக்குவரத்தைப் பிடித்துக் காட்டினார். 2025 அக்டோபரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகமும் மேரிலாண்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு இன்னும் மோசம். மொட்டை மாடியில் சுமார் 800 டாலர் செலவில் ஒரு டிஷ்ஷை வைத்து 39 புவிநிலை சாட்டிலைட்களை ஸ்கேன் செய்தார்கள். அவர்கள் பார்த்த சிக்னல்களில் ஏறத்தாழ பாதி என்கிரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) இல்லாமல் அப்படியே வந்துகொண்டிருந்தது. அமெரிக்க செல்போன் நிறுவனமான டி-மொபைலின் தொலைதூர டவர்களுக்குப் போன இணைப்பில் மட்டும், ஒன்பது மணி நேரப் பதிவில் 2,700க்கும் மேற்பட்டவர்களின் எண்கள், அழைப்புகளின் ஒரு பக்கம், குறுஞ்செய்திகள் கிடைத்தன. ராணுவம், கடைச் சங்கிலிகள், வங்கிகள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. இவற்றில் பெரும்பாலானவை ‘உள் நெட்வொர்க்’ என்று நினைத்துக்கொண்டு விட்டவை.

நெட்வொர்க் ‘தனியார்’ என்பது வாடகை ஒப்பந்தத்தையும் முகவரித் திட்டத்தையும் பற்றிய செய்தி. காற்றில் போவதை யார் கேட்கலாம் என்பதை அது தீர்மானிப்பதில்லை.

விற்பனையாளர் ‘என்கிரிப்ஷன் இருக்கு சார்’ என்கிறாரே?

எங்கிருந்து எங்கு வரைக்கும் என்று கேளுங்கள். ஒரு தடவை ஒரு சேவை நிறுவனத்தின் பிரதிநிதியிடம் லிங்க் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா என்று கேட்டபோது கிடைத்த பதில்: “அது க்ளோஸ்டு யூசர் குரூப் சார், வெளியில இருந்து யாரும் வர முடியாது.” கேட்டது ஒன்று, வந்த பதில் வேறொன்று. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

மூன்று அடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள். முதலாவது, ஹப்புக்கும் மோடத்துக்கும் நடுவே விண்வெளி வழியில் மட்டும் இருக்கும் லிங்க் என்கிரிப்ஷன், பெரும்பாலும் ஏஇஎஸ்-256 என்ற பூட்டு முறை. பல மோடங்களில் இந்த வசதி உண்டு. ஆனால் தனி லைசென்ஸ் வாங்கி ஆன் செய்ய வேண்டியிருக்கும். இதில் சாவிகள் ஹப் நடத்துபவர் கையில் இருக்கும். ஹப்புக்குள் வந்ததும் உங்கள் டேட்டா திறந்த நிலைக்கு வந்துவிடும். அங்கிருந்து உங்கள் டேட்டா சென்டருக்கு வரும் வாடகை லைனிலும் அப்படியே போகும்.

இரண்டாவது, கிளையின் ரூட்டரிலிருந்து உங்கள் டேட்டா சென்டர் ரூட்டர் வரை ஐபிசெக் டனல், அதாவது பாக்கெட்டுகளை முழுதாக மூடி அனுப்பும் வழி. சாவி உங்களிடம். ஹப் நடத்துபவருக்கும் குப்பை எழுத்துதான் தெரியும். மூன்றாவது, அப்ளிகேஷனிலேயே டிஎல்எஸ்; பிரவுசரில் https என்று வருமே, அதுதான்.

சேவை நிறுவனத்தின் ஹப்பில் இருப்பவர்களுக்கு என் கருத்து: முதலாவது இருக்கட்டும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். இரண்டாவதோ மூன்றாவதோ கட்டாயம். கேப்டிவ் ஹப் வைத்திருந்தால் முதல் அடுக்கின் சாவியே உங்கள் ஆட்களிடம் இருக்கும் என்பதால் கணக்கு கொஞ்சம் மாறும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் பலர் ஐபிசெக் போடுவதில்லை?

சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் நியாயமான ஒரு தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது.

கிளையிலிருந்து சாட்டிலைட்டுக்குப் போய் ஹப்புக்கு இறங்க சுமார் 72,000 கி.மீ. ஒளியின் வேகத்திலேயே கால் விநாடி ஆகும். பதில் திரும்பி வர இன்னொரு கால் விநாடி. மோடம் தன் முறை வரும்வரை காத்திருப்பதையும் சேர்த்தால் போய்வர 600 மில்லிவிநாடி. டேட்டா ஒழுங்காகப் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் டிசிபி என்ற விதிமுறை, அனுப்பியதற்கு ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் வரும்வரை ஒரு அளவுக்கு மேல் அடுத்ததை அனுப்பாது. பழைய கணினிகளில் அந்த அளவு 64 கிலோபைட். 0.6 விநாடிக்கு 64 கிலோபைட் என்றால் ஒரு இணைப்புக்கு 1 எம்பிபிஎஸ்கூடத் தேறாது, நீங்கள் 10 எம்பிபிஎஸ் வாங்கியிருந்தாலும். புதிய இயங்குதளங்கள் இந்த அளவைப் பெரிதாக்கிக்கொள்ளும், என்றாலும் வேகம் பிடிக்க நேரம் எடுக்கும்.

இதற்காக மோடத்துக்குள் ஒரு வேலை நடக்கிறது. தூரத்தில் இருக்கும் சர்வரின் பதிலுக்குக் காத்திராமல், மோடமே ‘வந்து சேர்ந்தது’ என்று உள்ளூரில் பொய்ப் பதில் சொல்லிவிட்டு, நடுவழியை வேறு புரோட்டோகாலில் ஓட்டும். டிசிபி ஆக்ஸிலரேஷன் என்பது இதுதான். ஐபிசெக் போட்டால் டிசிபி தலைப்பே மறைந்துவிடும். மோடத்தால் இந்த வேலையைச் செய்ய முடியாது. கிளை மேனேஜர் அடுத்த நாளே போன் செய்வார்: “சார், நேத்து ராத்திரி என்ன பண்ணீங்க? கோர் பேங்கிங் ஸ்க்ரீன் திறக்கவே மாட்டேங்குது.” அந்த அழுத்தத்தில் யாரோ ஒருவர் டனலைத் ‘தற்காலிகமாக’ எடுத்துவிடுவார். அப்புறம் யாரும் அதைத் திரும்பப் போடுவதில்லை.

வழி இருக்கிறது. ஆக்ஸிலரேஷனை மோடத்தில் செய்யாமல், அதற்கு முன்னால் உங்கள் சொந்தக் கருவியில் செய்து, அதற்குப் பிறகு என்கிரிப்ட் செய்யுங்கள். ரூட்டரோடு சேர்ந்த எஸ்டி-வேன் (கிளை இணைப்புகளை மென்பொருளால் நிர்வகிக்கும்) பெட்டிகள் சில இரண்டையும் சரியான வரிசையில் செய்கின்றன. அதற்குப் பணம் இல்லையென்றால் டிஎல்எஸ் போதும்: அது டிசிபிக்கு மேலே உட்காருவதால் மோடத்தின் ஆக்ஸிலரேஷன் கெடாது, உள்ளடக்கமும் மூடியிருக்கும். யார் எந்த சர்வரோடு பேசுகிறார் என்பது மட்டும் தெரியும். கிளைகளில் பழைய டெல்நெட், எஃப்டிபி, என்கிரிப்ஷன் இல்லாத பிரின்ட் சர்வர் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அவற்றை ஒழியுங்கள்.

ஏடிஎம் பின் நம்பரும் இப்படிக் காற்றில் போகிறதா?

பின் நம்பர் கீபேடுக்குள்ளேயே என்கிரிப்ட் ஆகிவிடும், திறந்து போகாது. கார்டு எண், தொகை, ஏடிஎம்மின் நிர்வாகச் செய்திகள் ஆகியவற்றின் கதை, மேலே சொன்ன அடுக்குகளில் எதைப் போட்டிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

எல்லா அடுக்கும் போட்டாயிற்று. இனி நிம்மதிதானே?

2022 பிப்ரவரி 24. ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த அதே காலை, வியாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் சாட்டிலைட் இணையச் சேவையில் ஐரோப்பா முழுக்கப் பல்லாயிரம் மோடங்கள் ஒரே நேரத்தில் செத்தன. சாட்டிலைட்டை யாரும் தொடவில்லை. ரேடியோ சிக்னலை யாரும் உடைக்கவில்லை. தரையில் இருந்த ஒரு விபிஎன் கருவி தவறாகக் கட்டமைக்கப்பட்டிருந்தது. அதன் வழியே நிர்வாக நெட்வொர்க்குக்குள் புகுந்தவர்கள், மோடங்களுக்கு வழக்கமான நிர்வாகக் கட்டளைகளையே அனுப்பினார்கள். மோடங்களைப் பொறுத்தவரை அது தன் முதலாளியின் உத்தரவு. ஃப்ளாஷ் நினைவகத்தைத் தாங்களே அழித்துக்கொண்டன. அழிப்பதற்குப் பயன்பட்ட நிரலுக்கு ‘ஆசிட்ரெயின்’ என்று ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள்.

குறி உக்ரைன் என்றாலும், ஜெர்மனியின் எனர்கான் நிறுவனத்தின் சுமார் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. காற்றாலைகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன, பார்க்கத்தான் வழியில்லை. சேவையை மீட்க வியாசாட் ஏறத்தாழ 30,000 மோடங்களை விநியோகஸ்தர்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மே 10ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் அமெரிக்காவும் இது ரஷ்யாவின் வேலை என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டின.

ஐபிசெக் டனல் கச்சிதமாக வைத்திருந்த வாடிக்கையாளருக்கும் அன்று மோடம் செத்திருக்கும். டேட்டா வெளியே போயிருக்காது, அவ்வளவுதான். ஆகவே ஹப்பின் நிர்வாக நெட்வொர்க்குக்குள் யார், எப்படி நுழைகிறார்கள், ஒரே கட்டளை எல்லா மோடங்களுக்கும் ஒரே நேரத்தில் போக முடியுமா, ஃபர்ம்வேருக்கு (மோடத்துக்குள் ஓடும் மென்பொருள்) டிஜிட்டல் கையொப்பச் சோதனை இருக்கிறதா என்பதெல்லாம் உங்கள் கேள்விகளாக வேண்டும். கிளைப் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. மோடத்தின் அட்மின் பக்கத்தைக் கிளையின் லேன்களிலிருந்து திறந்து பாருங்கள். பல இடங்களில் கேஷியர் கணினியிலிருந்தே திறக்கும், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டிலேயே.

யாராவது நம் சிக்னலைக் கெடுக்கவோ, நம் டிரான்ஸ்பாண்டரில் ஏறவோ முடியுமா?

முடியும். பெரும்பாலான பழைய சாட்டிலைட்கள் வந்த சிக்னலைப் பெருக்கி, அலைவரிசையை மாற்றி, அப்படியே கீழே விடுபவை. அனுப்பியது யார் என்று அவை கேட்பதில்லை. 1986 ஏப்ரலில் ஃப்ளோரிடாவில் ஒரு டிஷ் வியாபாரி, ‘கேப்டன் மிட்நைட்’ என்ற பெயரில் எச்பிஓ சேனலின் சிக்னலுக்கு மேல் தன் எதிர்ப்புச் செய்தியை நான்கு நிமிடங்களுக்கு மேல் ஓட்டினார். 2007இல் இன்டெல்சாட்-12 சாட்டிலைட்டை விடுதலைப் புலிகள் அனுமதியின்றிப் பயன்படுத்துவதாக இலங்கை அரசு புகார் சொல்ல, இன்டெல்சாட் அந்த ஒளிபரப்பை நிறுத்தியது.

உங்கள் நிறுவனத்துக்கு நடைமுறையில் அதிகம் தொல்லை தரப்போவது எதிரி இல்லை. பக்கத்து வாடிக்கையாளரின் டிஷ்ஷைச் சரியாகத் திருப்பாத டெக்னீஷியன், ஐப்பசி கார்த்திகை மழை, சூரியன். கேயூ, கேஏ, சி என்பவை சாட்டிலைட் அலைவரிசைப் பிரிவுகள். கேயூ பேண்டில் கனமழை சிக்னலை விழுங்கும். கேஏ பேண்டில் இன்னும் அதிகம். சி பேண்ட் தாங்கும், ஆனால் டிஷ் பெரிது. சூரியன் நேராகச் சாட்டிலைட்டின் பின்னால் வரும் நாட்களில் சில நிமிடங்கள் லிங்க் போகும். தமிழ்நாட்டில் அது மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் வரும். பங்குச் சந்தை விசாட்டை நம்பியிருந்த காலத்தில் இதற்காக வர்த்தகத்தையே நடுவில் நிறுத்தி வைத்தார்கள். இந்தச் சமயங்களில் ரூட்டர் தானாக 4ஜி சிம்முக்கு மாறும். மாறும்போது டனலும் கூடவே மாறுகிறதா, அல்லது திறந்தபடி இன்டர்நெட்டில் போகிறதா என்று மழைக்காலத்துக்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

ஸ்டார்லிங்க், ஒன்வெப் மாதிரியானவை இதைவிடப் பாதுகாப்பா?

ஒட்டுக்கேட்பதைப் பொறுத்தவரை, ஆம், கடினம். ஸ்டார்லிங்க் தாழ்வாக, சில நூறு கி.மீ. உயரத்தில் ஓடுகிறது, கற்றை சிறியது, சாட்டிலைட் சில நிமிடங்களில் நகர்ந்துவிடும், பயனர் இணைப்பு என்கிரிப்ட் ஆகித்தான் வருகிறது. தாமதமும் குறைவு என்பதால் ஐபிசெக்குக்கு எதிரான பழைய சாக்கு இங்கே செல்லாது. ஆனால் சாதாரணத் திட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது இன்டர்நெட் இணைப்பு. அதைத் தனி நெட்வொர்க்காக நினைக்காமல், நம்பத்தகாத குழாயாகக் கருதி உள்ளே உங்கள் டனலைப் போடுங்கள். இந்தியாவில் இந்தச் சேவைகளின் போக்குவரத்து இந்தியாவில் இருக்கும் கேட்வே (தரை நிலையம்) வழியாகத்தான் போக வேண்டும். சட்டப்படி இடைமறிக்கும் வசதியையும் சேவை நிறுவனம் தர வேண்டும்.

டிரான்ஸெக் வேண்டுமா?

என்கிரிப்ஷன் உள்ளடக்கத்தை மறைக்கும். எந்தக் கிளை எப்போது எவ்வளவு பேசுகிறது என்பதை மறைக்காது. டிரான்ஸெக் அதையும் மறைக்கும்: வெற்று நேரத்திலும் சிக்னல் நிரம்பியே தெரியும். 2013இல் ஏவிய ஜிசாட்-7ஐப் பயன்படுத்தும் கடற்படைக்கும், 2018இன் ஜிசாட்-7ஏவைப் பயன்படுத்தும் விமானப்படைக்கும் இப்படிப்பட்ட கவலை நியாயம். நகைக்கடன் நிறுவனத்துக்கு இது வீண் செலவு.

குவாண்டம் கணினி வந்தால் எல்லாம் போய்விடுமா?

ஏஇஎஸ்-256 நிற்கும். சாவியைப் பரிமாறிக்கொள்ளும் முறைதான் ஆட்டம் காணும். காற்றில் போவதை இன்றே பதிவு செய்து வைத்துக்கொண்டு பின்னால் உடைக்கலாம் என்பதால், சாட்டிலைட் இணைப்புக்கு இந்தக் கவலை மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதல். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் குவாண்டம் கணினியைத் தாங்கும் புதிய தரங்களை வெளியிட்டது. அடுத்த முறை ரூட்டர் மாற்றும்போது அவற்றை ஆதரிக்கிறதா என்று பாருங்கள், போதும். சீனாவின் மிசியஸ் சாட்டிலைட் செய்து காட்டிய குவாண்டம் சாவிப் பகிர்வைக் காட்டி யாராவது இன்று உங்களிடம் விற்க வந்தால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சட்டப்படி என்ன கவனிக்க வேண்டும்?

டிஷ் வாங்கி நீங்களே அனுப்பத் தொடங்க முடியாது; தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியும் அலைவரிசை அனுமதியும் வேண்டும். சேவை நிறுவனம் மூலம் எடுத்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் தலையில் விழுவது மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட உத்தரவு: சைபர் சம்பவம் தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். விசாட் மோடத்தின் லாக் ஹப்பில்தான் இருக்கும். கேட்டால் எத்தனை மணி நேரத்தில் கிடைக்கும் என்பது ஒப்பந்தத்தில் இல்லையென்றால், ஆறு மணி நேரம் மின்னஞ்சல் அனுப்புவதிலேயே போய்விடும்.

என்கிரிப்ஷன் ஓடுகிறதா என்று நாமே எப்படிச் சோதிப்பது?

கிளை ரூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவே ஒரு சுவிட்சைப் போட்டு, போர்ட்டை மிரர் செய்து (போக்குவரத்தின் நகல் லேப்டாப்புக்கு வரும்படி வைத்து), லேப்டாப்பில் பாக்கெட்டுகளைப் படிக்கும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து அரை மணி நேரம் பாருங்கள். ஐபிசெக் போட்டிருந்தால், இஎஸ்பி எனப்படும் மூடிய பாக்கெட்டுகளும் டனலின் சாவிப் பரிமாற்றமும் தவிர உங்கள் டேட்டா எதுவும் தெரியக் கூடாது. ஒரு வாடிக்கையாளர் பெயர் தெரிந்தாலும் டனலுக்கு வெளியே ஏதோ ஓடுகிறது. பெரும்பாலும் அது சிசிடிவி அல்லது ஐபி போனாக இருக்கும், அவற்றை யாரும் டனலில் சேர்க்க நினைப்பதில்லை. ஹப்-மோடம் லிங்க் என்கிரிப்ஷனை இப்படிப் பார்க்க முடியாது, அது மோடத்துக்கு அப்பால் நடக்கிறது. அதற்கு ஹப்பின் நிர்வாகத் திரையில் உங்கள் மோடத்தின் நிலையைக் காட்டச் சொல்லுங்கள். பிடிஎஃப் அறிக்கை வேண்டாம், திரையே வேண்டும்.

கிளையை மூடுகிறோம். பழைய டிஷ்ஷையும் மோடத்தையும் என்ன செய்வது?

டிஷ்ஷைக் காயலான் கடைக்குக் கொடுக்கலாம். மோடத்தைக் கொடுக்காதீர்கள். அதில் ஹப்போடு சேரும் அடையாளமும், சில மாடல்களில் சாவியும், உங்கள் ஐபி திட்டமும் இருக்கும். முதலில் ஹப்பில் அந்த மோடத்தின் பதிவை நீக்கச் சொல்லி, நீக்கியதாக எழுத்தில் வாங்குங்கள். பிறகு மோடத்தை ஃபேக்டரி நிலைக்கு அழித்துத் திருப்பி ஒப்படையுங்கள். கிளையின் ரூட்டரில் இருந்த ஐபிசெக் சாவி மற்ற கிளைகளிலும் அதே சாவியாக இருந்தால், அன்றைக்கே எல்லாக் கிளைகளிலும் மாற்ற வேண்டும். கிளைக்குக் கிளை தனிச் சாவி வைத்தவர்களுக்கு இந்த வேலை இல்லை.